புரூஸ் என்றால் நசுக்கம்

3.11.87 செவ்வாய்

மழையோடு பனித்தூறல். பார்க்டேல் பகுதி முழுக்கச் சேறு. சப்பாத்து ஹீட்டருக்கு மேல்.

மீன் பாக்டரியில் நாள் முழுக்க இறால். கால் உளைவு. வந்ததும் தேத்தண்ணி, பிறகு அகராதி (சேர்ச் விற்பனையில் வாங்கியது, அட்டை இல்லை, பழைய ஆங்கிலம் மட்டும் தாராளம்). இன்றைய சொற்கள்:

லொப்ஸ்டர் - முன்பு லொப்பெஸ்ட்ர. சிலந்திக்கான சொல்லின் சாயல் அதில் இருக்கலாமாம்.

கிரேஃபிஷ் - அதில் வரும் ஃபிஷ் மீனே இல்லை. பிரெஞ்சுச் சொல்லைக் காது பிழையாகக் கேட்டு, வாய் பிழையாகச் சொன்னது.

றைண்ட் - அந்தக் காலத்தில் மரப்பட்டையும் அதுதான், பாணின் மேல்தோலும் அதுதான். கிரஸ்ட் பிறகு வந்து குடியேறியது. என்னைப் போல.

மேல்வீட்டு இராசன் காய அலுவலகத்தின் (வேலையில் காயப்பட்டவர்களைப் பார்க்கும் அரசாங்க இடம்) கடிதத்தோடு வந்தார். ஆகஸ்டில் பேக்கரியில் மா உருட்டும் மெஷினுக்குள் அவருடைய வலக்கை போனது. அங்கே கொடுக்கும் காய ஃபோமை நான்தான் நிரப்பினேன். டொக்டரின் ரிப்போர்ட் இன்னும் போய்ச் சேரவில்லையாம். ஃபோமை மட்டும் பார்த்து முடிவு. சின்னக் காயம், இதற்குள் ஆறியிருக்கும், திங்கள் அதே மெஷினுக்குப் போகவும். போகாவிட்டால் வேலை இல்லை.

"டீச்சர், ஃபோமில என்ன எழுதினனீங்கள்?"

சரியாகத்தான் எழுதினேன் என்றேன். கொஞ்சம் சூடாகவே. மட்டக்களப்பில் பதினாறு வருசம் இங்கிலிஷ் படிப்பித்தவளிடம் கேட்கிற கேள்வியா?

4.11 புதன்

ஃபோமின் பிரதியைத் தேடி எடுத்தேன். விரல்கள் 'புரூஸ்ட்' என்று என் கையெழுத்தில். அகராதியிலும் பார்த்தாயிற்று: புரூஸ், பழைய ஆங்கிலத்தில் நசுக்கு, இடித்து நொறுக்கு. அதே பொருளுள்ள கிரஷ் பிரெஞ்சிலிருந்து வந்தது. நல்ல பழைய சொல்லாக இருக்கட்டும் என்று நானே தேடிப் போட்டது. பிறகென்ன பிழை?

5.11 வியாழன்

வெயில், சூடில்லாத வெயில். இன்று நண்டு. பக்கத்தில் நின்று உடைக்கிற டொரீனிடம் புரூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். காற்சட்டையை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்த இடத்தைக் காட்டினாள். பஸ் படியில் இடித்ததாம். ஞாயிறுக்குள் போய்விடுமாம்.

கண்டல் காயம். அவ்வளவுதான். மனிசனின் கை நசிந்து போயிருக்கிறது, நான் கண்டல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

உப்பு, மிளகாய்த்தூள், முத்திரை வாங்கினேன். இராசன் படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கவில்லை. வெட்கம்.

7.11 சனி

பாக்டரியில் மிஞ்சிய நண்டு. கறி வைத்து இராசனையும் மனைவி சாந்தியையும் கூப்பிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

இராசன் நண்டுக்கால் ஒன்றை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் பார்த்தார். சாந்தி தானே உடைத்து, சதையை அவருடைய சோற்றில் வைத்தாள். அந்தக் கையைக் கட்டில்லாமல் இன்றுதான் பார்க்கிறேன். இரண்டு விரல் மடங்காது. ஒன்று தட்டை. ஃபோம் நிரப்பிய அன்று பெரிய கட்டு. எப்படி இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. அகராதியைத்தான் பார்த்தேன்.

சொன்னேன். பழைய சொல், என் கெட்டித்தனம், எல்லாம். அழுகை வந்துவிட்டது. சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இராசன் நண்டுக் கோதுகளை ஒதுக்கிவிட்டு, வலக்கையைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்.

"இந்தமுறை இதைப் பாத்து எழுதுங்கோ, டீச்சர்."

புதுக் கடிதம் எழுதினேன். எந்த விரல், எது மடங்காது, எதைப் பிடிக்க ஏலாது. எல்லாம் சின்னச் சொற்கள். அகராதி அலுமாரிக்கு மேல்.

9.11 திங்கள்

குளிர். வேலைக்குப் போகவில்லை. இராசன் பேக்கரியில் நிற்கவேண்டிய நேரத்துக்கு அவரோடு காய அலுவலகத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் என் கடிதத்தைப் பாதிதான் படித்தாள், பிறகு கையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் ஃபோமை யார் எழுதியது என்று கேட்டாள். நான் என்றேன். புரூஸ்டை வெட்டி, மேலே கிரஷ்ட் என்று எழுதினாள். டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை மெஷின் வேண்டாம், இலேசான வேலை கொடுக்கட்டும் என்று பேக்கரிக்கு அங்கிருந்தே போன்.

திரும்பும்போது பஸ்ஸில் இராசன் நித்திரை.

புரூஸை என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். பொருள் எழுதும் இடத்தில்: இராசன், வலக்கை.