என் கையெழுத்தில் ஏழு பேர்

12-8-63, திங்கள்
விடிஞ்சதுலேருந்து வெக்கை. மேகம் கூடுது, பெய்யல. தீபாவளி சீசன், ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. பேக்கிங் ஷெட்டில் ஆள் இல்லை. பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் வேலைக்கு இறங்காமல் வேப்பமரத்தடியில்.
காரணம்: வேலை நேரத்தில் ஃபோர்மேன் ஷெட் கதவை வெளியே தாழ் போடுகிறான். தண்ணீர் குடிக்க அடிக்கடி எழுந்து போகிறார்களாம். உள்ளே பூராவும் பட்டாசு. ஒரு பொறி விழுந்தால்?
முதலாளி கூப்பிட்டான். நானும் அவனும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். "நீ கிளார்க் வேலையை ரெண்டு நாள் விடுடா. நடுவுல நின்னு பேசு, உன் பேச்சைக் கேப்பாக. யாருக்கு என்ன குறைன்னு பேரோட எழுதிட்டு வா. நான் தெரிஞ்சுக்கத்தான். பேரு வெளிய போகாது."
நம்பிக் கேட்கிறானே என்று சந்தோஷம்.

13, செவ்வாய்
சைக்கிளில் விஸ்வநத்தம், அவர்கள் ஊர். சண்முகத்தாய் வீட்டில் எல்லாரும். முன்னால் நின்று பேசுகிறவள் அவள்தான்.
"பேரு எதுக்கு பாய்?"
"முதலாளி மட்டுந்தான் பார்ப்பாக. ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."
இரண்டு தடவை சொன்னேன், நான் பொறுப்பு என்று.
ஏழு பேர் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன். மாசமாக இருக்கும் ராக்கு, வாந்தி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். தட்டிக்கொண்டே இருந்தாளாம். திறக்கவில்லை.

14, புதன்
காலையில் பேர் எழுதிய தாளை முதலாளி கையில் கொடுத்தேன். ஆபீஸில் ஜமுக்காளம் விரித்து இரண்டு தரப்பும். நான் நடுவில். ஃபோர்மேன் தரையைப் பார்த்து, "தப்புதான்." முதலாளி, "இனிமே கதவு திறந்தே இருக்கும்." எல்லாருக்கும் காப்பி. ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். ராக்கு சிரிச்சா.
வீட்டில் ஜமீலாவிடம் பெருமையடித்தேன்.

15, வியாழன்
கொடியேற்றம், மிட்டாய். லீவு. நல்ல தூக்கம்.

16, வெள்ளி
கேட்டில் வாட்ச்மேன் ஒரு தாளை வைத்துப் பேர் பேராக வாசிக்கிறான். ஏழு பேருக்கு உள்ளே இடமில்லை. எட்டிப் பார்த்தேன். என் எழுத்து.
சண்முகத்தாயும் பார்த்துவிட்டாள்.
உள்ளே ஓடினேன். "என்னடா இது?"
"தாழ்ப்பாளை எடுத்தாச்சுல்ல? பேசினது அதுதானே?"
"பேரு வெளிய போகாதுன்னியே!"
"எங்கலே போச்சு? நம்ம கேட்டுலதான இருக்கு."
சிரித்தான். முப்பது வருஷப் பழக்கம். அடிச்சிருப்பேன். அடிக்கல.
ஜும்ஆவுக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று தெரியாது.

17, சனி
வேலைக்குப் போகல. விஸ்வநத்தம். சண்முகத்தாய் வாசலை மறித்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.
"தெரிஞ்சு செஞ்சீகளா, தெரியாம செஞ்சீகளா?"
"தெரியாமத்தாம்மா. அவன் என்னையும் ஏமாத்திட்டான்."
"உங்களுக்கு வேலை இருக்கு பாய். எங்களுக்கு இல்ல."
லேபர் ஆபீசரிடம் போவோம், நடந்ததைச் சொல்றேன் என்றேன்.
"திங்கக்கிழமை போறோம். வந்தா வாங்க. எங்களுக்காக நீங்க பேச வேண்டாம். நீங்க செஞ்சதைச் சொல்லுங்க, போதும்."

18, ஞாயிறு
முதலாளி ஆள் அனுப்பியிருந்தான். போகல. ஜமீலா, "வேலை போயிரும்ங்க." போகட்டும் என்றேன். இருவரும் சாப்பிடல.

19, திங்கள்
காலை பஸ். ஏழு பேரும் முன்னால், நான் கடைசி சீட்டில். ராக்கு மட்டும் ஒரு தடவை திரும்பினாள்.
ஆபீசர் மனுவை வாசித்துவிட்டுக் கேட்டார், "இந்தப் பேர்களை எழுதிக் கொடுத்தது யாரு?"
எழுந்து நின்றேன்.