டீச்சர் இப்ப வந்துடுவாங்க

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும், இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி, எனக்கு உன் மேல கோபம், மத்தபடி ஒண்ணும் இல்லை. போன்லயே பேசியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்றே, அதுக்குள்ள குட்டி போனைப் பிடுங்கிடுது, கடிதாசுன்னா நீ குறுக்கே பேச முடியாது பாரு, அதான். தாளோட மறுபக்கம் என்னமோ அச்சு தெரியுதேன்னு இப்பவே திருப்பிப் பார்க்காதே, முதல்ல இந்தப் பக்கத்தைப் படி.

போன ஞாயித்துக்கிழமை நீ சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு. அம்பத்தி மூணு வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையாம்மா, ஒரு தடவை ஃபெயில் ஆயாச்சு, இன்னொரு தடவை அவமானப்படணுமா, மரியாதையா விலகிட்டுப் பழைய வேலைக்கே போயிடுன்னு சொன்னே. அந்த மரியாதைங்கிற வார்த்தைதான்டா என்னைக் குத்திச்சு. பேசியிருந்தா அழுதிருப்பேன், நான் அழுதா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும், அதனால சரிப்பா வெக்கிறேன்னு வெச்சுட்டேன். உனக்கு நடந்ததுல பாதிதான் தெரியும். முழுசும் சொல்றேன், சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, உங்க அப்பா ரெண்டு நாள் சிரிச்சார்.

பட்டம் முடிச்சவங்களுக்கான இந்த ஆசிரியர் பயிற்சியில ரெண்டாவது வருஷம் நிஜ வகுப்புல பாடம் எடுத்துக் காட்டணும். கல்லூரியிலேர்ந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து உக்காந்து நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுவாங்க. அதுல தேறினாத்தான் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தாத்தான் டீச்சர், ரெண்டு தடவை தவறினா பயிற்சியை விட்டே வெளியே. எனக்கு நான் பத்தொம்பது வருஷமா உதவியாளரா இருந்த அதே மூணாம் வகுப்பையே கொடுத்தாங்க, நானும் பழகின இடம்னு சந்தோஷப்பட்டேன், அதுதான் வினையாப் போச்சு. மணி அடிச்சுது. மேற்பார்வையாளரம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். கீழே கிடந்த பென்சிலைப் பொறுக்கிக் கொடுத்தேன். நேரா பின்னாடி போயி, எழுத்துக்கூட்டவே திணறுற ஒரு பொண்ணு இருக்கா, எப்பவும் தொப்பியோடயே திரிவா, தொப்பின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவ பக்கத்துல குட்டி ஸ்டூல்ல உக்காந்து நோட்டைத் திறந்து வெச்சேன். வகுப்பு அமைதியா இருக்கு. நானும் அமைதியா இருக்கேன். தொப்பி என் கையைச் சுரண்டி டீச்சர் எங்கேன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, இப்ப வந்துடுவாங்க, சத்தம் போடாம இருன்னு சொன்னேன். அட கடவுளே, அப்புறம்தான் அந்த அம்மா என்னையே பார்க்கிறதைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஓடிப்போச்சு. எழுந்து முன்னாடி போனேன், கழித்தல் கணக்குல கடன் வாங்குறதை நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லித்தருவேன், அன்னிக்கு ஒரு வரி வரலை. வகுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லைன்னு எழுதிட்டாங்க. பொய்யில்லை, சரியாத்தான் எழுதினாங்க.

ஆனா அதை வெச்சு இவ டீச்சர் ஆக லாயக்கில்லைன்னு யாராவது சொன்னா விட்டுடுவேனா? இந்தப் பத்தொம்பது வருஷத்துல அந்த அறைக்குப் பதினோரு டீச்சர் வந்து போனாங்க. எந்தப் பிள்ளை பசியோட வருது, எது அதட்டினா வாயே திறக்காது, எதுக்கு விரல் விட்டு எண்ணினாத்தான் கணக்குப் புரியும்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொடுத்தது யாரு? அவங்க கொஞ்சம் அனுபவம் வந்ததும் பெரிய பள்ளிக்கூடம் பார்த்துப் போயிட்டாங்க, நான் அதே ஸ்டூல்ல. அவங்களைக் குறை சொல்லலை, நல்ல பிள்ளைங்க. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு படிவத்துல அம்மாவோட வேலைங்கிற இடத்துல ஆசிரியைன்னு எழுதினே, ஞாபகம் இருக்கா? பொய் எழுதாதேடான்னு உன்னைத் திட்டி, அந்த வார்த்தையை அடிக்க வெச்சு உதவியாளர்னு எழுத வெச்சேன். நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஆனா நீதானேம்மா சொல்லித்தர்றேன்னு கேட்டே. அந்தப் பையன் எங்கடா போனான்?

இந்தப் புதன்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, பயிற்சியிலேர்ந்து விலகுற படிவம் மூணு பிரதி கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உதவியாளர் வேலை எனக்கே, இல்லைன்னா திங்கள்கிழமை வேற ஆள் சேர்ந்துடுவாங்களாம். ரெண்டாவது பாடமும் அதே திங்கள்கிழமைதான். தவறினா இதுவும் இல்லை அதுவும் இல்லை, யோசிச்சுக்கோங்கம்மான்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், நீயும் நல்லதுக்குத்தான் சொல்றே, என்னைச் சுத்தி எல்லாருமே நல்லதுக்குத்தான் பேசுறீங்க. பயமா இருக்குப்பா, இல்லைன்னு பெருமை பேச மாட்டேன். ஆனா திரும்பிப் போயி அந்த ஸ்டூல்ல உக்காந்து பன்னிரண்டாவது டீச்சருக்குச் சாக்பீஸ் இருக்கிற இடத்தைக் காட்டணும்னு நினைச்சாலே பயத்தை விடப் பெருசா ஒண்ணு வருது. அதுக்குப் பேரு ஆத்திரம்னா ஆத்திரம்தான்.

உங்க அப்பாவைக் கேளு, வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன், இப்போ மூணாம் வகுப்புப் பையன். சாப்பாட்டு மேஜையில உக்கார வெச்சுப் பாடம் எடுக்கிறேன். நான் பேச்சுவாக்குல சுவர் ஓரமா ஒதுங்கினா கரண்டியால தட்டைத் தட்டுறார், கேள்வி கேட்டா வேணும்னே தப்பாச் சொல்றார், வாயாடிப் பசங்களை விட மோசம். நேத்து ஒரு தடவை கூடத் தட்டலை. திங்கள்கிழமை நேரா கரும்பலகைக்குப் போவேன், வணக்கம் சொல்வேன், நான்தான் உங்க டீச்சர்னு வாய்விட்டுச் சொல்வேன், அதுக்கப்புறம் தொப்பி பக்கத்துலயும் போயி உக்காருவேன். எந்தப் படிவத்துலயும் அதுக்கு இடம் இல்லைன்னாலும் உக்காருவேன், அந்தப் பொண்ணு எனக்குப் பாடமில்லையா?

குட்டி இடது கையால எழுதுதுன்னு சொன்னியே, மாத்துறேன்னு மட்டும் கிளம்பாதே, இது டீச்சரா சொல்றேன். பல் வலிக்கு மாத்திரையைப் போட்டே ஓட்டாம டாக்டர்கிட்ட போ. மருமகள் எனக்குத் தனியா ஒரு சேதி அனுப்பியிருந்தா, விடாதீங்க அத்தைன்னு ஒரே வரி, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா, சொல்லிட்டேன். நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும், நீ உன் அம்மா மாதிரியே பிடிவாதமா இருக்கணும். இந்தக் கடிதாசு உன் கைக்கு வரும்போது பாடம் முடிஞ்சிருக்கும், என்ன ஆச்சுன்னு நீயே போன் பண்ணிக் கேளு, எதுவானாலும் நானே எடுத்துச் சொல்வேன்.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மணி அஞ்சரை. இப்போ தாளைத் திருப்பிப் பாரு. மூணு பிரதியையும் உனக்கு எழுதியே தீர்த்துட்டேன், அந்தப் பக்கம் கையெழுத்துக்கு விட்ட கோடு காலியாத்தான் இருக்கும். என் கையெழுத்து இந்தப் பக்கம்.

இப்படிக்கு,
உன் அம்மா, மூணாம் வகுப்பு டீச்சர்