கம்பிக்கு அடியில் ஆறு கோழிகள்

இன்று காலை புக்கிட் பாரு கிளினிக்கில் பிரஷர் பார்க்கக் காத்திருந்தபோது மேசையில் கிடந்த ஒரு தமிழ் இதழைப் புரட்டினேன். மின்கம்பியைச் சுற்றி இருக்குமாமே காந்தப்புலம், அதற்குள் எலிகளை வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததற்குத் தெளிவான சான்று இல்லையாம். இரண்டு தடவை படித்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கண்மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது.

காஜா பெராங்கில் நம் வீட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய கம்பியை இழுத்தவர்களில் நீங்களும் ஒருவர். சுதந்திரம் கிடைத்து மெர்டேக்கா கொண்டாடிய வருஷம் அது. கம்ப உச்சியிலிருந்து எனக்குக் கையசைத்தீர்கள். விழுந்து தொலையப் போகிறீர்கள் என்று கீழே நின்று திட்டினேன். இரண்டு வருஷம் கழித்து நம் பாப்பாவுக்கு இரத்தப் புற்று வந்தது. ஐந்து வயதுதான். புதைத்துவிட்டு வந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா, கம்பிக்கு அடியில் குடியிருந்தால் இரத்தம் கெட்டுவிடும் என்றாள். அன்று சாயங்காலமே உங்களிடம் சொன்னேன்: "உங்க கம்பிதான் புள்ளயக் கொன்னுச்சு."

அடுத்த ஞாயிறு பாசாரிலிருந்து ஒரே அடையில் பொரித்த பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளோடு வந்தீர்கள். ஆறு நம் வீட்டுக் கம்பிக்கு அடியில், ஆறு தெங்கேராவில் உங்கள் தம்பி வீட்டில். அங்கே பக்கத்தில் எந்தப் பெரிய கம்பியும் கிடையாது. பால் டின்னில் தவிட்டை நீங்கள் அளந்த அளவைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரர் தோற்றார். தெங்கேராவுக்கும் வாரா வாரம் சைக்கிளில் கொண்டுபோனீர்கள்.

"ஒரு வருஷம் பாப்போம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நீ கம்பிய மறந்துடணும். இங்க மட்டும் சீக்கு வந்தா நான் லைன் வேலைய விட்டுடுறேன்" என்றீர்கள். சரி என்றேன்.

எட்டாம் மாதம் நம் கோழி ஒன்று கால் இழுத்துச் செத்தது. அறுத்துப் பார்த்தீர்கள். ஈரல் முழுக்கக் கட்டி. கத்தியைக் கழுவாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

பத்து நாள் கழித்து நீங்கள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, உங்கள் தம்பி மனைவி ஒரு செத்த கோழியைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு வந்தாள். காலில் அடையாளத்துக்கு நீங்கள் கட்டிய நீல நூல். அதை நானே அறுத்துப் பார்த்தேன். அதே கட்டிகள், அதே ஈரலில். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "அவருகிட்ட நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லு" என்றேன். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியும். கம்பி காரணம் இல்லையென்றால், கோபப்பட எனக்கு யாருமே இல்லாமல் போய்விடுவார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் இரண்டும் எங்கெங்கே இருந்தன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கோழியை வைத்து என்ன தெரிந்துவிடும் என்று எனக்கே சொல்லிச் சொல்லி இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி வேலையை விட்டீர்கள். கம்பம் ஏறுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவர், அரிசி மண்டியில் மூட்டை எண்ணினீர்கள். கம்பிக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கடைசியாக நினைவு தெளிந்த மத்தியானம், அறையில் நம்மைத் தவிர யாருமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள விஷயத்துல என்னை மன்னிச்சிடு" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சிட்டேன்" என்றேன்.