காற்றை எந்தப் பக்கம் தள்ளுவது

3 மார்ச், செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொடிமலை மேகத்துக்குள். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் மீன் வாங்கி வந்தேன். ஒருவனுக்கு இவ்வளவு மீன் எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

சாந்தி அவள் அக்கா வீட்டுக்கு, ஃபெர்ரி தாண்டி, சுங்கை பாக்காப்புக்குப் போய் ஒன்பது நாள். சண்டை ஒன்றும் இல்லை. காரணம் என் மரத்தூள். சமையலறைக்குப் பின்னால் கூரை போட்ட இடம்தான் என் பட்டறை. கேரம் போர்டு செய்கிறேன். பலகையைத் தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரித் தூள். அவளுக்கு ஆஸ்துமா. டாக்டர் தூசியே ஆகாது என்றுவிட்டார். கிளம்பும்போது அவள் சொன்னது: "மெஷினத் தூக்கிப் போடச் சொல்லலங்க. தூசிய நிறுத்துங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்."

நிறுத்திவிடலாம். பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி, இருபத்தாறு வருடம் தூசி புகாத கிளீன்ரூம் பராமரிப்பு. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. உள்ளே ஒரு முடி கிடந்தால் விசாரணை. தூசி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வாங்க வேண்டியது:
நாலு அங்குல பி.வி.சி. குழாய், 3
வளைவு, 4 (குறைவாக இருந்தால் நல்லது, ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும்)
மூடி போட்ட டிரம்
சிலிக்கான்
பல்லுக்குக் கிராம்புத் தைலம்

4 மார்ச், புதன்

வெயில். ஹார்டுவேர் கடை பாய், எங்களுக்கெல்லாம் நானா, நான் அடுக்கிய குழாயைப் பார்த்து, "ஏண்ணே, வீட்டுக்குள்ள ஃபேக்டரி கட்டப் போறீங்களா?"

"இருக்கிற ஃபேக்டரிய வீடா மாத்தப் போறேன் நானா."

"மாத்துங்க லா. சாந்தி அக்கா வந்தா எனக்கும் ஒரு வாய் மிளகாய்ச் சம்பல் வரும்."

பழைய சாமான் கடையில் ஊதுகுழல் மோட்டார் ஒன்று. நல்ல எடை. தூக்கியதில் இடுப்பு கொஞ்சம் மக்கர். சாயங்காலத்துக்குள் டிரம் மூடியில் இரண்டு ஓட்டை போட்டாயிற்று. கனமான தூள் டிரம்மில் விழும், மெல்லியது மோட்டாருக்குப் பின்னால் துணிப்பையில் தங்கும்.

6 மார்ச், வெள்ளி

ஓடுகிறது! ரம்பத்துக்கு ஒரு குழாய், தேய்ப்பு மெஷினுக்கு ஒன்று. வேலை செய்யாத பக்கத்தைத் தகடு தள்ளி மூடினால் இழுவை முழுவதும் மறு பக்கம். அரை மணி நேரத்தில் டிரம்மில் கால் பாகம் தூள். இவ்வளவு நாள் இதெல்லாம் அவள் மூச்சில் போயிருக்கிறது. சந்தோஷமும் குற்ற உணர்வும் ஒன்றாக.

ஆனாலும் வெயில் கீற்றில் கொஞ்சம் மிதக்கிறது. பையைத் தாண்டி வருவது. இதற்கும் வழி தெரியும். ஃபேக்டரி முறை: வெளிச் சுவரில் விசிறி, விசிறி முன் ஃபில்டர், சுத்தமான காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பது. அறைக்குள் அழுத்தம் கூடும், தூசிக்கு இடமே இருக்காது. மாட்டினேன். கறுப்புத் துணியால் பட்டறை அலமாரியைத் துடைத்தேன். துணி கறுப்பாகவே இருந்தது.

உடனே போன். "ஞாயித்துக்கிழமை வா. வந்து பாரு, எப்படி இருக்குன்னு."

அவள் குரலில் சிரிப்பு. நானும் விசில் அடித்துக்கொண்டே பெருக்கினேன்.

8 மார்ச், ஞாயிறு

புழுக்கம்.

அவளும் அக்காவும் வந்தார்கள். இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன். காட்டிப் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை. அவர்களைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். இருபது நிமிடம் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல். விட்டு விட்டு, பிறகு விடாமல். இன்ஹேலர் இரண்டு தடவை.

அக்கா: "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா தம்பி?"

சாந்திக்குப் பேச மூச்சில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

9 மார்ச், திங்கள்

அதே கறுப்புத் துணி, இந்த முறை சமையலறை அலமாரி. துணி வெள்ளை.

பட்டறையில் விசிறியைப் போட்டுவிட்டு, சமையலறைக் கதவின் அடி இடுக்கில் ஊதுபத்தி பிடித்தேன். புகை ஒரு கணம்கூட நிற்காமல் இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் ஓடியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபேக்டரியில் தூசி வெளியே. அது உள்ளே வரக் கூடாது, அதனால் காற்றை உள்ளே தள்ளினோம். இங்கே தூசியைச் செய்பவனே நான். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் யோசிக்காமல் அதே மாதிரித் தள்ளி, மிச்சமிருந்த தூள் எல்லாவற்றையும் அவள் மூக்குக்கே அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட இதைவிடத் தேவலை.

வெட்கமாக இருக்கிறது. அவள் இல்லாத வீடும் பிடிக்கவில்லை.

10 மார்ச், செவ்வாய்

நாலு திருகு, அவ்வளவுதான். விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். இனி உள்ளிருந்து வெளியே. ஃபில்டர் உள் பக்கம். பின் சந்தில் சீன ஆன்டி துணி காயப் போடுவார், அதில் தூள் படிந்து அவர் கத்தினால் மலை வரை கேட்கும்.

ஊதுபத்தி: புகை இப்போது சமையலறையிலிருந்து பட்டறைக்குள். ஏழு தடவை பார்த்தேன். ஏழும் சரி. சமையலறை முழுவதும் ஈரத் துணி போட்டுத் துடைத்தேன், கூரை விளிம்பு உட்பட. முட்டி வலி.

போன். "வான்னு கூப்பிடல சாந்தி. தப்பு என்னோடது. காத்தத் தப்பான பக்கம் தள்ளிட்டேன். இப்ப திருப்பிட்டேன்."

அவள்: "யோசிச்சுச் சொல்றேன்."

14 மார்ச், சனி

லேசான தூறல். பத்து மணிக்கு அவளே வந்து நிற்கிறாள். பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ். துணிமணி எதுவும் இல்லை, கைப்பை மட்டும். இன்ஹேலர் கையிலேயே.

"நான் சமையக்கட்டுல இருக்கேன். நீங்க பாட்டுக்குத் தேயுங்க. பாத்துருவோம். ஆகலைன்னா சாயங்காலம் பஸ் ஏறிடுவேன்."

கதவைச் சாத்தினேன். மெஷினைப் போட்டேன். வேலை ஓடவில்லை, காது கதவிலேயே. பத்து நிமிடம். இருபது. அரை மணி. பாத்திரச் சத்தம் மட்டும். முகமூடியைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று தொண்டையில் காரம். கண்ணில் தண்ணீர். நெத்திலி சம்பலுக்கு மிளகாய் வதக்குகிறாள். அந்த நெடி மொத்தமும் கதவிடுக்கு வழியாக என் மேல். இருமினேன், இருமினேன், நிறுத்தவே முடியவில்லை. மெஷினை அணைத்தேன்.

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு சாந்தி. சீரான மூச்சு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, இன்ஹேலர் தரவா?"