அக்காவின் போனில் என் ஏழு விநாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று புதிய சாதனை. இருபத்திரண்டு சொல், ஏழு விநாடி, ஒரே மூச்சு. சவுண்ட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கை தட்டினார். "வாயா அது, தையல் மிஷினா?" என்றார்.

விளம்பரம் ஹைட்ரஜன் கார் கம்பெனியுடையது. கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கப் போகிறதாம். அழகான நடிகர் கார் புகைக்குழாயின் கீழே கண்ணாடித் தம்ளரைப் பிடிக்கிறார். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரிக்கிறார். அவர் சிரித்து முடிப்பதற்குள் எச்சரிக்கை வாசகம் ஓடி முடிந்துவிட வேண்டும். அந்த ஓட்டம்தான் என் பிழைப்பு. பதினாறு வருடமாக எல்லா விளம்பரத்துக்கும் வால் நான்தான்.

காரின் மெல்லிய ரீங்காரம் எங்கள் ஸ்டுடியோ மேஜை விசிறியின் சத்தம். அந்தக் காருக்கு எஞ்சினே இல்லையாம், நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

விளம்பரம் டிவியில் வந்துவிட்டது. காலையிலேயே அக்கா போன்.

"அடியே, உன் குரல்டீ! கடைசியில வர்றது நீதானே? கடையில எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. என் தங்கச்சின்னு சொன்னதும் முடி வெட்ட வந்திருந்த டீச்சரம்மா எழுந்தே நின்னுட்டாங்கன்னா பாரேன்."

என்ன சொன்னேன் என்று யாருக்காவது புரிந்ததா என்று கேட்டேன்.

"புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? எவ்வளவு வேகம்! எவ்வளவு கம்பீரம்!"

நாள் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைதான். ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவின் அழகு நிலையத்துக்குப் போயிருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு எதிரே டிவி. அந்த அறையை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். பதினோரு வருடம் ஒவ்வொரு தலையாக வெட்டி அக்கா சேர்த்த பணம் கிட்டத்தட்ட அந்த விலைக்கு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் அறை அவளுடையது. இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குப் போய்விடும்.

அப்போது அவள் போன் அடித்தது. மணிச்சத்தம் இல்லை. நான்! என் ஏழு விநாடி! ரிங்டோனாக வைத்திருக்கிறாள். அங்கே ஒரு நாளைக்கு முப்பது தடவை நான் ஓடுகிறேனாம்.

சிரித்து முடிக்கவில்லை, அவள் மெதுவாகக் குனிந்து காதில் சொன்னாள். "அறை எங்கயும் போயிடாதுடீ. பணத்தை அந்தத் தண்ணி கார்ல போடப்போறேன். ஒரே வருஷத்துல இரண்டு மடங்கு ஆகும்னு ஏஜென்ட் சொல்றாரு. அப்புறம் அறை என்ன, கட்டிடத்தையே வாங்கலாம். டீச்சரம்மாவும் போடறாங்க, தையல்கார அம்மாவும் போடறாங்க."

"எதை நம்பி?"

"உன்னை நம்பித்தான்! வேற எவனாவது பேசியிருந்தா யோசிச்சிருப்பேன். என் தங்கச்சியே கடைசியில வந்து சொல்றாளே."

தையல்கார அம்மா தலையில் சாயத்தோடு திரும்பி, "ஏம்மா, எங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் உப்பு. அந்தக் காருக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கும் பதில் தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

கம்பெனியின் விவர அறிக்கையை ஸ்டுடியோவில் கேட்டு வாங்கி வந்தேன். தலையணை கனம். பதினாறு வருடமாக 'விவர அறிக்கையை முழுவதும் கவனமாகப் படிக்கவும்' என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒன்றையாவது படித்திருக்கிறேனா? முதல் தடவை.

என் கணவரும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். தண்ணீர் காருக்குள்ளே போவதே இல்லை, வெளியேதான் வருகிறது! உள்ளே போவது ஹைட்ரஜன். அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவே எக்கச்சக்கமாக மின்சாரம் வேண்டும். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, விஷயம் நிஜம்தான், நிறையப் படித்தவர்கள் உழைக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை இன்னும் கட்டவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் பொடி எழுத்தில்: லாபம் வரப் பத்து வருடமாவது ஆகலாம், வராமலும் போகலாம்.

"எல்லாத்தையும் ஒளிக்காம எழுதித்தான் வச்சிருக்காங்க" என்றார் அவர்.

ஆமாம். எழுதினார்கள். நான் சொன்னேன். யார் காதில் விழுந்தது?

மார்ச் 14, சனி

அக்காவோடு சண்டை.

நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. "டிவியில ஒண்ணு சொல்லுவே, வீட்ல வந்து ஒண்ணு சொல்லுவியா?"

"டிவியிலயும் இதையேதான்க்கா சொன்னேன்!"

"பொய் சொல்லாதடீ. நான் தினம் முப்பது தடவை கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

இப்போது பின்வாங்கினால் கடையில் எல்லோர் முன்னாலும் அவள் முட்டாள் ஆகிவிடுவாளாம். கடைசியில் அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டாள். "நான் நாலு காசு பார்த்துட்டா உனக்கு ஏன்டீ எரியுது?"

எனக்கு எரியுதா? இவளுக்காகத்தானே அந்தத் தலையணையைப் படிச்சேன்? போ. போய்க் கொட்டு. எனக்கென்ன!

மார்ச் 15, ஞாயிறு

எனக்கென்னவாம். காலையிலிருந்து நாலு தடவை போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

மார்ச் 18, புதன்

வேலை முடிந்ததும் சவுண்ட் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏஜென்ட் வந்து செக்கும் கையெழுத்தும் வாங்கிப் போகிறாராம், தையல்கார அம்மா சொன்னார். அண்ணன் மறுபடி மைக்கைத் திறந்துவிட்டார். "அதே வாசகம். ஆனா உங்க அக்கா எதிர்ல உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சுப் பேசும்மா."

பேசினேன். எவ்வளவு கஷ்டம்! பழக்கதோஷத்தில் மூன்று தடவை தடதடவென்று ஓடிவிட்டேன். நாலாவதில் நின்றது. முப்பத்தொரு விநாடி.

'புது ரெக்கார்டிங்' என்று மட்டும் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

இன்றைய கூத்தை ஒன்றுவிடாமல் எழுதியாக வேண்டும்.

பத்தரைக்கே கடைக்குப் போய், "புருவம் எடுக்கணும்" என்று வாடிக்கையாளர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். வந்த வாடிக்கையாளரை எப்படித் துரத்துவாள்? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நூலை எடுத்தாள். ஒரு முனை பல்லில், மற்றது இரண்டு கையிலும். அதை எடுத்தால் அவளுக்குப் பேச்சும் கிடையாது, கையும் கிடையாது. பக்கத்து நாற்காலியில் டீச்சரம்மா. பெஞ்சில் தையல்கார அம்மா. அவர்களும் செக்கைப் பையில் வைத்துக்கொண்டு ஏஜென்டுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

போன் அடித்தது.

பேசியது நான். மெதுவாக! அப்படியானால் இன்று காலையில்தான், கேட்டுக்கூடப் பார்க்காமல், ரிங்டோனாக மாற்றியிருக்கிறாள். கோபத்தில் என்னோடு பேசமாட்டாள், ஆனால் என் குரல் மட்டும் வேண்டும். என் அக்கா!

"பங்கு முதலீடு... சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது. போடும் பணம்... பகுதியாகவோ... முழுவதுமாகவோ... இழக்கப்படலாம்."

டீச்சரம்மா படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை இறக்கினார். அக்காவின் பல்லில் நூல், கையில் நூல், என் இடது புருவம் பாதியில். எடுக்க முடியவில்லை. "ம்ம்! ம்ம்!" என்று போனைப் பார்த்து முனகினாள். யாரும் நகரவில்லை.

"நிறுவனத்தின் தயாரிப்பு... இன்னும்... விற்பனைக்கு வரவில்லை."

போன் நின்றது. "வரலையா?" என்றார் தையல்கார அம்மா. "அப்ப அந்த ஆளு எந்தக் காரோட தண்ணியைக் குடிச்சாரு?"

மறுபடி அடித்தது. அக்கா நூலைத் துப்பிவிட்டு ஓடினாள். "எடுக்காதீங்க!" என்று டீச்சரம்மா போட்ட அதட்டலில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். "முழுசா கேக்கணும்!"

கேட்டார்கள், கடைசிச் சொல் வரை. "முடிவெடுக்கும் முன்... விவர அறிக்கையை... முழுவதும்... கவனமாகப் படிக்கவும்."

இரண்டு தடவையும் கூப்பிட்டது யார் என்று அக்கா திரையைப் பார்த்தாள். ஏஜென்ட்! "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் பாவம்.

டீச்சரம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு எல்லோருக்கும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். "இதையாடீ அன்னிக்கும் சொன்னே?"

"இதையேதான்க்கா."

"தினம் முப்பது தடவையா?"

"முப்பது தடவையும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "அந்தப் பொஸ்தகம் எங்க?" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏஜென்ட் உள்ளே நுழைந்தபோது டீச்சரம்மா நாற்பத்தோராம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். "இதை நீங்க படிச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டதும் அவர் நெளிந்த நெளிப்பு! கடைசியில், "படிச்சதில்லைங்க, நானும் அந்த விளம்பரத்தைத்தான் பார்த்தேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். வலது புருவத்தில் கைவைக்கவே இல்லை!

மார்ச் 28, சனி

அக்கா அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள், அறைக்கு! போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. "அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதடீ" என்றாள். எதை என்று கேட்டேன். "எதைன்னு தெரியாத மாதிரி நடிக்காத" என்று திட்டினாள். அப்பாடா, பழைய அக்கா.

ஏப்ரல் 9, வியாழன்

சூரிய மின்தகடு விளம்பரம். முப்பத்தைந்து சொல், ஏழு விநாடியாம். முடியாது சார், பன்னிரண்டு கொடுங்கள் என்றேன். டைரக்டர் பேயறைந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "உங்க வேகத்துக்குத்தானேம்மா கூப்பிடறோம்?"

"எனக்குப் புரியுது சார். கேக்கறவங்களுக்குப் புரியல."

பேரம் பேசிப் பேசிப் பத்தில் நின்றது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு விட்டேன். நன்றாகத்தான் இருந்தது என்று அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த தடவை என்னைக் கூப்பிடுவாரா? பார்க்கலாம்.

ஜூலை 2, வியாழன்

அக்காவுக்குப் பத்திரப்பதிவு முடிந்தது. மூன்றாவது நாற்காலியும் வந்திருக்கிறது. முதல் ஆளாக என்னை அதில் உட்காரவைத்தாள்.

ஹைட்ரஜன் கம்பெனி பற்றி இன்று பேப்பரில் செய்தி. தொழிற்சாலை வேலை ஒரு வருடம் தள்ளிப்போகிறதாம், பங்கு விலை பாதியாம். அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "பத்தே பத்துப் பங்கு என்கிட்டயும் இருக்கு, தெரியுமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முழுசா படிச்சுட்டுத்தான்டீ வாங்கினேன். போனா போகட்டும்னு நினைக்கிற காசு. பத்து வருஷம் ஆகும்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆகட்டுமே. அதுவரைக்கும் நான் இங்கதானே புருவம் எடுத்துக்கிட்டு இருக்கப்போறேன்?"

இங்கே என்று சொல்லும்போது சுவரை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அவளுடைய சுவர்.