யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையிலேயே வளைகுடா வெயில். பால்கனி மேற்குப் பார்த்தது, மதியம்வரை தப்பிக்கும். பிறகு அடுப்பு.

முதல் ஹாலபீனோ மிளகாய் பறித்தேன். கட்டைவிரல் பருமன், கரும்பச்சை, தோலில் பழுப்புக் கீறல்கள். கீறல் விழுந்தால் முற்றிவிட்டது என்று படித்திருந்தேன். கடித்தேன். ஒன்றுமில்லை. குடைமிளகாயின் தங்கச்சி. விதைப் பொட்டலத்தில் மட்டும் நெருப்புப் படம்.

மாலையில் சரவணன் சைட்டிலிருந்து வந்ததும் மீதிப் பாதியை நீட்டினேன்.

"கீழ வை. மிளகாயக் கையில குடுத்தா சண்டை வரும்."

குவான்டிட்டி சர்வேயர். கம்பியையும் சிமென்ட்டையும் டன் கணக்கில் கணக்குப் போடுகிற என் கணவன். மேசையில் வைத்தேன். எடுத்துத் தின்றான். "நல்லாத்தான இருக்கு, சாலட் மாதிரி."

தேடிப் படித்தேன். தண்ணீர் அதிகமானால் காரம் குறையுமாம். பறிக்கும் முன் செடியை வாட விட வேண்டும். பயந்துபோய்க் காரம் சேர்த்துக்கொள்ளும். பிடித்திருந்தது இந்த யோசனை.

இன்றிலிருந்து நான்கு பக்கெட் செடிக்கும் பட்டினி. ச.விடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பள்ளியில் புது வருஷம், புது ஐந்தாம் வகுப்பு. தொண்டை போய்விட்டது. வாங்க வேண்டியவை: மிளகு, மோர் மிளகாய், பல்பு.

வீட்டுக்கு வந்ததும் மண்ணில் விரல் விட்டுப் பார்த்தேன். ஈரம்.

நான் ஊற்றவில்லை. மேல்வீட்டு ஏசி சொட்டுகிறதா என்று கழுத்து வலிக்க நின்று பார்த்தேன். சொட்டவில்லை. இருந்தாலும் மூன்று பக்கெட்டை உள்சுவரோரம் நகர்த்தினேன். நான்காவதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். அங்கேயும் வெயில் வரும். யாரும் பார்க்க மாட்டார்கள்.

யாரும் என்றால் யார்?

ஏப்ரல் 8, புதன்

மூன்றிலும் ஈரம். சிலிண்டர் மறைவில் இருப்பது மட்டும் காய்ந்திருக்கிறது.

ஆக, ஏசி இல்லை. பால்கனிக்கு வர வீட்டுக்குள் வந்தாக வேண்டும். சாவி எங்களைத் தவிர இரண்டு பேரிடம். கீழே வாட்ச்மேன். எதிர்வீட்டு ஷீபா சேச்சி.

சேச்சியைப் படியில் பிடித்தேன். வீட்டுக்குள் வந்தீர்களா என்று கேட்க முடியுமா. "எங்க சாவி பத்திரமா இருக்கா சேச்சி?"

"பின்னே! ஃப்ரிட்ஜ் மேல உண்டு. எந்தா தேவி, பூட்டிட்டு வெளிய நின்னு போயோ?" பிறகு, சும்மா கேட்பதுபோல: "முளகு ஆயோ?"

ஏன் மிளகாயைப் பற்றிக் கேட்கிறாள்?

வாட்ச்மேன் காலையில் சலாம் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என்றைக்காவது பார்த்திருக்கிறானா? ஞாபகமில்லை.

ச.விடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜலபீனோன்னு பேர்லயே ஜலம் இருக்கு. அதுவே குடிச்சுக்குது போல."

"ஹாலபீனோ."

"அது உன் யுனிவர்சிட்டில. எனக்கு ஜலபீனோதான்."

சிரித்தேன். நல்ல ஜோக். கொஞ்சம் சீக்கிரமாக வந்த ஜோக்.

ஏப்ரல் 11, சனி

வெள்ளியும் சனியும் இருவரும் வீட்டில். மண் காய்ந்து ஓரம் வெடித்துவிட்டது. யாரும் ஊற்றவில்லை.

ஊற்றுகிறவருக்கும் வார விடுமுறை.

என் ரெசிடென்ட் கார்டு அடுத்த மாதம் முடிகிறது. அவன் விசாவைப் பிடித்துத் தொங்குகிற விசா. புதுப்பிக்க ஃபோட்டோ எடுக்க வேண்டுமே என்றேன். "ஆபீஸ்ல பாத்துக்குவாங்க" என்றான். போன தடவை அவனே எல்லாவற்றுக்கும் ஓடினான்.

அவன் ஷூவைத் துடைக்க எடுத்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பள்ளிக்குக் கிளம்புமுன் பால்கனி வாசலில் கோலப்பொடி தூவினேன், மெல்லிசாக. எனக்கே சிரிப்பு. எம்.ஏ. படித்தது இதற்கா.

திரும்பி வந்தால் மண் ஈரம். பொடியைத் துடைத்திருக்கிறார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு தடம் தப்பியிருக்கிறது. வெறுங்கால். ஐந்து விரல்.

வாட்ச்மேன் ஷூவைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சேச்சியின் கால் என் காலைவிடச் சின்னது.

அலமாரியில் நகை அப்படியே. மடிக்கணினி அப்படியே. அடுக்களையில் ஒரு தம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. காலையில் நான் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தண்ணீர் குடித்து, தம்ளரைக் கழுவிவைத்துவிட்டுப் போகிற திருடன்.

எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பள்ளி உண்டு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு, பாயசம் எல்லாம் மாலையில்தான். வேப்பம்பூ சேச்சி தந்தாள். அவளைச் சந்தேகப்பட்டதற்குப் பாயசம் ஒரு கிண்ணம் கூடுதல்.

சாப்பிட்டபின் ச. பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றான்.

"பாவம்டி இது. உச்சி வெயில்ல தலையத் தொங்கப் போட்டுடுது. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"சாயங்காலம் தானா நிமிந்துக்கும்."

"இல்ல, மத்தியானம் பாத்தா..." நிறுத்தினான். "பாயசம் இன்னும் இருக்கா?"

இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன்.

சைட் பர்காவில், ஒரு மணி நேரத் தூரம். மதியச் சாப்பாடு அங்கேயே. உச்சி வெயிலில் இந்தச் செடியை அவன் பார்க்க வாய்ப்புள்ள நாட்கள் வெள்ளியும் சனியும். போன வெள்ளி தூங்கினான். சனி, என்னோடு கடையில் இருந்தான்.

வேறு யாராவது இங்கே வருகிறார்களா, அவனோடு? அதையும் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். கழுவியது ஒரே ஒரு தம்ளர். அதில் ஒரு ஆறுதல். கேவலமான ஆறுதல்.

ஏப்ரல் 15, புதன்

இடைவேளையில் ஃபோன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"சைட்லதான். ஏன், என்ன ஆச்சு?"

அவனுக்குப் பின்னால் கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போகிற சத்தம். பிறகு சேச்சியின் குரல், பிள்ளையை அதட்டி: "எடா, செருப்பு இட்டுட்டு போ!"

"ஒண்ணுமில்ல. வரும்போது தயிர் வாங்கிட்டு வா."

"சரிடி."

ஸ்டாஃப் ரூமில் திருத்தாத நோட்டுகள். ஒன்றைத் திறந்து அரைமணி நேரம் அதே பக்கம்.

தெரிந்த பிறகு எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. ஷூ. கார்டு. இரண்டு மாதமாக அவன் சைட்டைப் பற்றி ஒரு புகார்கூடச் சொல்லவில்லை. முன்பு ஃபோர்மேனைத் திட்டாமல் சோறு இறங்காது.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறான். நான் பள்ளிக்குப் போனதும் திரும்பி வருகிறான். வெறும் வீடு. என்ன செய்வான் பகல் முழுக்க? பால்கனியில் மூன்று செடி தலை தொங்கி நிற்கும். வேறு வேலை இல்லை. ஊற்றியிருக்கிறான்.

தயிர் வாங்கிக்கொண்டு வந்தான். சைட்டிலிருந்து வருகிற நேரத்துக்குச் சரியாக.

ஏப்ரல் 16, வியாழன்

காற்று. மலைப்பக்கம் எல்லாம் தூசி.

சிலிண்டருக்குப் பின்னால் இருந்த செடியைக் கொண்டுவந்தேன். இலை சுருங்கி, பாதி உதிர்ந்து, மூன்று காய். ஒன்றைப் பறித்து நுனியைக் கடித்தேன். நாக்கு, தொண்டை, காது வரை. மூக்கு ஒழுகியது. இதுதான் ஹாலபீனோ.

ச. வந்தான். பையை வைத்தான். முகம் கழுவினான். அதே வரிசை.

கடித்த மிளகாயை நீட்டினேன்.

"கீழ வைடி."

வைக்கவில்லை. அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

"ஏய், சண்டை வரும்."

"வரட்டும். நாளைலேந்து மத்தியானம் தண்ணி ஊத்தாத."

மிளகாயோடு கையை இழுத்துக்கொண்டான். பிறகு, "வாடிக் கெடந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"வேலைய விட்டு எப்ப நிறுத்தினாங்க?"

"பிராஜெக்ட் முடிஞ்சதும் மொத்தப் பேரையும். வேற கிடைச்சதும் சொல்லலாம்னு..."

"என் விசாவும் அதுலதான இருக்கு."

"அதான் சொல்லல."

சண்டை வந்தது. சேச்சி வீட்டுக்குக் கேட்டிருக்கும். யுனிவர்சிட்டித் தமிழ் எதுவும் உதவவில்லை. நடுவில் அவன் அந்த மிளகாயை வாயில் போட்டுக்கொண்டான், பதில் சொல்லாமல் இருக்க. கண்ணில் தண்ணீர். துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் காரம். மோர் கலக்கிக் கொடுத்தேன், திட்டிக்கொண்டே.

இப்போது குளிக்கிறான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.

நாளை வெள்ளி. இரண்டு பேருக்கும் லீவு என்று எழுதப் போய், 'இரண்டு பேருக்கும்' என்பதை அடித்துவிட்டேன்.