அளக்காமல் சொன்ன பதில்

என் அருமை முருகேசு அண்ணனுக்கு,

நீ அனுப்பிய ஆறு பேட்டரி செல்களையும் போன வாரம்தான் அளந்தேன். எட்டு மாதமாக என் மேசை டிராயரில் கிடந்தவை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

பேட்டரி செல்லுக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று அளப்பதுதான் சென்னையில் எனக்கு வேலை. கோவில்பட்டியில் பேட்டரிக் கடை வைத்திருந்த உனக்கு அதில் அத்தனை பெருமை. அதனால்தானே நான் போனில் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டாய்?

நாகலாபுரம் பேச்சிமுத்து அண்ணாச்சியின் மின்சாரப் பால் வண்டிக்கு நீ கட்டிய பேட்டரியில், செல்களுக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்திருந்தாய்.

"சூடு அடிவழியாத்தான் இறங்குது ஏட்டி. தொட்டாலே தெரியுது. எதுக்கும் நீ அளந்து சொல்லேன்" என்றாய் போனில்.

"பக்கவாட்டுலதான் சூடு வெளியேற இடம் அதிகம்ணே. தகட்டக் கழட்டிப் பக்கத்துல வையி" என்றேன். மீட்டிங்குக்கு நேரமாகியிருந்தது.

மாற்றினாய். சித்திரை வெயிலில், கரிசல் காட்டு நடுவே வண்டி நின்றுபோனது. ஏழு வீட்டுப் பாலும் திரிந்துவிட்டது. "நடு செல்லெல்லாம் செத்துப்போச்சு. என் கைவேலையிலதான் ஏதோ கோளாறு" என்று மட்டும் சொன்னாய். உண்மையாகவே அப்படி நினைத்தாயா, என்னைக் காப்பாற்றச் சொன்னாயா?

அதன்பிறகுதான் இந்தச் செல்களை அனுப்பினாய். அளந்தாயா என்று இரண்டு முறை போனில் கேட்டாய். மூன்றாம் முறை வந்த போனில் மதினி அழுதாள். மாரடைப்பு என்றாள்.

செல்லுக்குள் மெல்லிய உலோகத் தாள்களைப் பாய்போலச் சுருட்டியிருக்கிறார்கள். சூடு நெடுக்குவாட்டில், அடியை நோக்கிச் சுலபமாக ஓடுகிறது. சுருளைத் தாண்டிப் பக்கவாட்டில் வரத்தான் திணறுகிறது. மூன்று தடவை அளந்தேன் அண்ணே. மூன்று தடவையும் நீ சொன்னதுதான் சரி.

நேற்று நாகலாபுரம் போனேன். "எங்கண்ணன் மேல தப்பில்ல அண்ணாச்சி. நான் சொல்லித்தான் மாத்துனான்" என்றேன்.

பேச்சிமுத்து அண்ணாச்சி "அவிய இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ரோட்டுல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே" என்றார்.



பால் கெட்ட வீடுகளை அவரே காட்டினார். இரண்டு வீட்டில் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில் சொல்லவில்லை. மிச்சம் ஐந்து. அங்கேயும் உன் பேரில் இருக்கிற பழியை இறக்கிவிட்டுத்தான் ரயிலேறுவேன்.

உன் தங்கச்சி,
செல்வி